58.7-இன் வர்க்கமூலம்: நான் பட்ட பாடு

வர்க்கமூலத்துக்கு எந்த வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்தாலும் 1764, 2025, 5329 என்றுதான் எடுத்துக்காட்டு இருக்கும். மூன்றும் முழு வர்க்கம். 42, 45, 73 என்று விடை வந்து, மீதி பூஜ்யமாகி, அழகாக அடிக்கோடு போட்டு முடித்துவிடுவார்கள். அடுத்த பக்கத்துப் பயிற்சியில் மட்டும் 58.7 என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. "மேற்கண்டவாறே செய்க." மேற்கண்டவாறு செய்தால் வராது, அதுதான் சிக்கலே.

கால்குலேட்டருக்கு அனுமதியில்லாத ஒரு தேர்வுக்காக, பள்ளிக்கூடத்தோடு மறந்துபோன இந்தக் கணக்கைத் திரும்ப எடுத்தேன். தேர்வு முடிந்துவிட்டது. எரிச்சல் இன்னும் முடியவில்லை. அதே வழியில் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். வர்க்கம், வர்க்கமூலம் எல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

காரணிப்படுத்தல் முறையை முதலிலேயே மூட்டை கட்டிவிடலாம். 72 என்றால் 36 × 2, ஆகவே 6√2 என்பார்கள். சரி, தசமத்தில் கேட்டால்? மனப்பாடமான 1.414-ஐ ஆறால் பெருக்கினால் 8.484 வரும். மூன்று தசம இடத்துக்குச் சரியான விடை 8.485. √2-இன் வாலை வெட்டியதில் போனது 0.0002 அளவுதான், ஆறால் பெருக்கியதும் அது வளர்ந்து கடைசி இலக்கத்தையே மாற்றிவிடுகிறது. இப்படிச் செய்வதானால் √2-க்கு 1.41421 வரையாவது நினைவில் வைத்திருங்கள். 58.7 மாதிரி எண்ணுக்கு இந்த முறை எப்படியும் ஒன்றுக்கும் உதவாது.

அப்புறம் வகுத்தல் முறை. இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, மேலே கோடு போட்டு, ஒவ்வொரு ஜோடியாக இறக்குவோமே, அதுதான். இதற்காக நான் பார்த்த ஒரு காணொளியில், "வலப்பக்கத்திலிருந்து ஜோடி சேர்த்துக்கொண்டே வாங்க" என்று அடித்துச் சொன்னார்கள். முழு எண்ணுக்கு அது சரி. 58.7-க்கு அப்படிச் செய்தால் 87 ஒரு ஜோடியாகி, 5 தனியாக நின்று, 2.42 என்று விடை வரும். 2.42-ஐ வர்க்கப்படுத்திப் பாருங்கள், 5.8564. நமக்குக் கிடைத்தது 5.87-இன் வர்க்கமூலம்! வலது ஓரத்திலிருந்து தொடங்கக் கூடாது; தசமப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். புள்ளிக்கு இடப்பக்கம் இடது நோக்கி, வலப்பக்கம் வலது நோக்கி. கடைசியில் ஒற்றை இலக்கம் மிஞ்சினால் பூஜ்யம் சேர்த்து ஜோடியாக்க வேண்டும். ஆக 58 | 70 | 00 | 00. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அந்தக் காணொளிக்கு நேரமில்லை. மணியை அழுத்தச் சொல்ல நேரமிருந்தது.

அடுத்தது "இரட்டிப்பாக்கு" என்கிற கட்டளை. 58-க்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 49, எனவே 7. மீதி 9. அடுத்த ஜோடியை இறக்கினால் 970. இப்போது 7-ஐ இரட்டித்து 14 எழுதி, பக்கத்தில் ஓர் இலக்கத்துக்கு இடம் விட்டு, அதே இலக்கத்தால் பெருக்க வேண்டும். 147 × 7 = 1029, மிஞ்சுகிறது. 146 × 6 = 876, சரி. மீதி 94. ஏன் இரட்டிக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் கேட்டேன். "அது அப்படித்தான், மனசுல வெச்சுக்கோங்க" என்று பதில். ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தில், இரட்டித்து வகுக்கச் சொல்லும் இதே வேலை ஒரே செய்யுளில் அடங்கிவிடுகிறது. செய்யுளில் காரணம் சொல்ல இடம் போதாது, ஒப்புக்கொள்கிறேன். காசு கட்டிச் சேர்ந்த வகுப்பில் ஏன் இடமில்லை?

காரணம் இவ்வளவுதான். விடை 7-க்கு மேல் இன்னும் கொஞ்சம்; அந்தக் கொஞ்சத்தை b என்போம். (7 + b)² என்றால் 49 + 14b + b². 58.7-இல் 49 போனால் மீதி 9.7. ஆக 14b + b², அதாவது (14 + b) × b, 9.7-க்குள் அடங்க வேண்டும். b-க்கு 0.6 போட்டால் 14.6 × 0.6 = 8.76, மீதி 0.94. மேலே பார்த்த 146 × 6 = 876, மீதி 94, இரண்டும் இதுவேதான், புள்ளியைக் கழற்றிவிட்டு எழுதியிருக்கிறோம். படமாகப் பார்க்க வேண்டுமானால், 7 பக்கமுள்ள சதுரத்தின் இரண்டு ஓரத்தில் b அகலத்துக்கு ஆளுக்கொரு பட்டை, மூலையில் ஒரு குட்டிச் சதுரம். பட்டை இரண்டு என்பதால்தான் இரட்டிப்பு. இதைக் காகிதத்தில் வரைந்து பார்த்த பிறகு எனக்கு அந்தப் படி மறக்கவே இல்லை.

மீதியை வேகமாகச் சொல்கிறேன். 9400-க்கு 76-இன் இரட்டிப்பு 152; 1526 × 6 = 9156, மீதி 244. 24400-க்கு 1532, 15321 × 1, மீதி 9079. விடை 7.661 என்று போய்க்கொண்டே இருக்கும். எந்த இலக்கம் என்று ஊகிக்க ஒரு வழி: வகுபடும் எண்ணின் கடைசி இலக்கத்தை விரலால் மறைத்துவிட்டு வகுத்துப் பாருங்கள். 970-இல் 97-ஐ 14-ஆல் வகுத்தால் 6 சொச்சம், ஆகவே 6. சில சமயம் இது ஒன்று கூடுதலாகக் காட்டும். அதை இப்போது பார்க்கலாம்.

பலரும் கவிழும் இடம் 4.2 மாதிரி எண்கள். 4 | 20 | 00 | 00 என்று பிரித்தால் முதல் இலக்கம் 2, மீதி சுத்தமாகப் பூஜ்யம். அடுத்த ஜோடியை இறக்கினால் 20. இரட்டிப்பு 4, 41 × 1 கூட 20-க்குள் அடங்காது. அப்போது விடையில் ஒரு 0 எழுதியே ஆக வேண்டும், வகுஎண்ணிலும் 4-க்குப் பக்கத்தில் 0 சேர்த்து 40 ஆக்க வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த 00 இறங்கி 2000 ஆகும். கடைசி இலக்கத்தை மறைத்தால் 200-ஐ 40-ஆல் வகுக்க 5 என்று காட்டும்; ஆனால் 405 × 5 = 2025, மிஞ்சிவிட்டது. எனவே 4; 404 × 4 = 1616. மீதி 384, அடுத்து 4089 × 9, விடை 2.049. அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் 2.49 என்று வரும், அதன் வர்க்கம் 6.2-ஐத் தொடும். எனக்குக் கிடைத்த புத்தகங்களில் ஒன்றில்கூட இடையில் பூஜ்யம் வரும் கணக்கு தீர்த்துக் காட்டப்படவில்லை. வசதியான எண்களாகப் பொறுக்கியிருக்கிறார்கள்.

எப்போது நிறுத்துவது? 7 மாதிரி முழு வர்க்கமல்லாத முழு எண்ணுக்கு மீதி பூஜ்யம் ஆகும் என்று காத்திருக்காதீர்கள், ஆகவே ஆகாது. இதற்கு நான் பார்த்த எளிய விளக்கம்: ஒரு தசம எண் பூஜ்யமல்லாத இலக்கத்தில் முடிகிறது என்றால், அதன் வர்க்கமும் பூஜ்யமல்லாத இலக்கத்தில்தான் முடியும். 1 முதல் 9 வரை வர்க்கங்களின் கடைசி இலக்கங்கள் 1, 4, 9, 6, 5, 6, 9, 4, 1. எங்கேயும் 0 இல்லை. தசம இடங்களும் சரியாக இரட்டிப்பாகும். ஆக, தசமத்தில் முடிகிற எதையும் வர்க்கப்படுத்தி 7 என்ற முழு எண்ணைப் பிடிக்கவே முடியாது. இதிலேயே இன்னொரு லாபம்: புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இலக்கங்கள் இருந்து, கடைசி இலக்கம் பூஜ்யமில்லை என்றால், விடை தசமத்தில் முடியாது. 0.09-க்கு 0.3 உண்டு; 0.9-க்கு அப்படி ஒன்று கிடையாது. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

வகுத்தல் முறையைக் குறை சொல்லவில்லை, ஆனால் அதில் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. அடி வரிசையில் ஒரு செங்கல் கோணலானால் சுவரே கோணல் என்பதுபோல, இரண்டாவது படியில் ஒரு கழித்தல் பிசகினால் அதன்பின் வருவது மொத்தமும் குப்பை, அதுவும் பார்க்க நல்ல விடை மாதிரியே இருக்கும். தேர்வறைப் பதற்றத்தில் இது ஆபத்து. அதனால்தான் கடைசியில் சராசரி முறைக்கு மாறினேன். யாரும் வகுப்பில் இதைச் சொல்லவில்லை என்பதில் இன்னும் கோபம் இருக்கிறது.

முறை இதுதான். ஏதாவது ஓர் எண்ணை ஊகியுங்கள். கொடுத்த எண்ணை அதால் வகுங்கள். ஊகத்துக்கும் ஈவுக்கும் சராசரி எடுங்கள். அதுவே அடுத்த ஊகம். 58.7-க்கு 7.5 என்று தொடங்கினால் ஈவு 7.8267, சராசரி 7.6633. அதால் இன்னொரு முறை வகுத்துச் சராசரி எடுத்தால் 7.66159. முடிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

இதன் பெருமை வேகம் மட்டுமில்லை, மன்னிக்கும் குணம். வேண்டுமென்றே மட்டமாக 10 என்று ஊகித்துப் பார்த்தேன். ஈவு 5.87, சராசரி 7.935, அடுத்தது 7.6663, அடுத்தது 7.6616. சரி, அந்த 7.935-ஐ அவசரத்தில் 7.953 என்று இடம் மாற்றி எழுதினால் என்ன ஆகும்? அதையும் போட்டுப் பார்த்தேன். 7.6669, பிறகு 7.6616. பிசகு தானாகவே கரைந்துவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றும் புது ஊகத்தோடு புதிதாகத் தொடங்குவதுதான்.

எங்கே நிறுத்துவது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. ஊகம் வர்க்கமூலத்தைவிடப் பெரிது என்றால் ஈவு சிறிதாக இருக்கும், ஊகம் சிறிது என்றால் ஈவு பெரிது. உண்மையான விடை எப்போதும் இரண்டுக்கும் நடுவில். எனவே ஊகமும் ஈவும் எத்தனை இலக்கம் வரை ஒத்துப்போகின்றனவோ, அத்தனையும் உறுதி. வகுத்தல் முறையில் இப்படி ஓர் உத்தரவாதம் தனியாகக் கிடைக்காது, விடையை வர்க்கப்படுத்தித்தான் பார்க்க வேண்டும்.

முறை புதியதும் அல்ல. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் 720-க்கு இதையே செய்து காட்டியிருக்கிறார். 27 என்று ஊகித்து, 720-ஐ வகுத்து 26⅔, சராசரி 26⅚. அதன் வர்க்கம் 720-ஐவிட 1/36 மட்டும்தான் கூடுதல். ஒரே சுற்றில்!

குறுக்குவழி என்று ஒன்றும் சுற்றுகிறது. அதில் ஆளுக்கொரு கணக்கு. 58.7 என்பது 49-க்கு மேல் 9.7, ஒருவர் இதை 14-ஆல் வகு என்கிறார், இன்னொருவர் 15-ஆல் வகு என்கிறார். 14 என்பது 7-இன் இரட்டிப்பு, b²-ஐ அப்படியே விட்டுவிடுகிறது, அதனால் 7.693 என்று எப்போதும் கூடுதலாகக் காட்டும். 15 என்பது 64-க்கும் 49-க்கும் உள்ள இடைவெளி, 7.647 என்று எப்போதும் குறைவாகக் காட்டும். இரண்டுமே விடையில்லை, ஆனால் சராசரி முறைக்கு நல்ல தொடக்கம். 58.7 உண்மையில் 64-க்குத்தான் நெருக்கம். அங்கிருந்து 5.3 குறைவு என்று 16-ஆல் வகுத்து 8-இல் கழித்தால் 7.669, இன்னும் நெருங்குகிறது. நெருக்கமான வர்க்கத்திலிருந்தே தொடங்குங்கள்.

கடைசியாக, திருத்தமாக்குவது. மாதிரித்தாள் ஒன்றின் விடைக் குறிப்பில் √7-க்கு, இரண்டு தசமத் திருத்தமாக, 2.64 என்று அச்சாகியிருந்தது. வகுத்துக்கொண்டே போனால் 2.6457 வரும், அவர்கள் இரண்டு இடத்தோடு வெட்டிவிட்டார்கள். திருத்தமாக என்றால் 2.65. எப்போதும் ஓர் இலக்கம் கூடுதலாகக் கண்டுபிடியுங்கள். நேரமில்லையென்றால் நடுவிலுள்ள 2.645-ஐ மட்டும் வர்க்கப்படுத்துங்கள்: 6.996025. 7-ஐவிடக் குறைவு, ஆகவே விடை அதற்கு மேலே, 2.65. ஒரே பெருக்கலில் தீர்ந்தது.

தேர்வில் வந்தது √0.9. கொடுத்திருந்த விடைகளில் 0.3 முதலில் சிரித்துக்கொண்டு நின்றது. 0.9 என்றே ஊகித்தேன், ஈவு 1, சராசரி 0.95. சந்தேகத்துக்கு 0.945-ஐ வர்க்கப்படுத்தினேன், 0.893, 0.9-ஐவிடக் குறைவு. 0.95-ஐக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.