பேட்டரி மாற்றியதும் காணாமல் போன டயர் பிரஷர்

புது பேட்டரி போட்டு காரைக் கிளப்பினால், மீட்டரில் நான்கு டயருக்கும் எண் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். டயர் காற்றுக்கான மஞ்சள் எச்சரிக்கை விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தது. "நாலு சென்சாரும் போயிருச்சு சார், மாத்திடலாம்" என்றார் கடைக்காரர்.

எனக்கு அதை ஏற்க முடியவில்லை. என்னுடையது 2019 மாடல். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்து ஒரு சென்சார் இருக்கும் வகை. அதற்கென்றே உள்ளே ஒரு சின்ன லித்தியம் பேட்டரி உண்டு. பானட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் அதற்கும் ஒரு ஒயர்கூடத் தொடர்பில்லை, ரேடியோ அலையில்தான் தகவல் வருகிறது. தனித்தனி பேட்டரியில் ஓடும் நான்கு சென்சார்கள், டெர்மினலைக் கழற்றிய அந்த நேரம் பார்த்து எப்படி ஒன்றாகச் சாகும்? மறந்துபோனது காராகத்தான் இருக்க வேண்டும். கடிகாரமும் அன்று பன்னிரண்டு மணியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

விளக்கு எரிந்த விதமும் அதையே சொன்னது. காற்று குறைந்திருந்தால் விளக்கு மினுக்காமல் நேராக எரியும். மினுக்கிவிட்டு நின்றால் சிஸ்டத்துக்குத் தகவல் வரவில்லை என்று அர்த்தம். இருந்தாலும் காற்றை நம்பிக்கையில் விடக்கூடாது. மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே கேஜ் வைத்துப் பார்த்தேன். டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ. நான்கிலும் அது இருந்தது. ஓடி வந்த டயரில் அளந்தால் சூட்டில் மூன்று நான்கு கூடுதலாகக் காட்டும், அந்த அளவை வைத்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

அடுத்து செய்ய வேண்டியது, வண்டியை ஓட்டுவது. இந்த சென்சார்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க, கார் நிற்கும்போது தூங்கிவிடும். சக்கரம் சுழன்று வேகம் சுமார் 25 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் விழித்து அடிக்கடி தகவல் அனுப்பும். வாசலில் நின்று இக்னிஷனைப் போட்டுப் போட்டு அணைத்தால் ஒன்றும் நடக்காது. நான் அவினாசி சாலையில் நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட்டினேன். முதலில் முன்பக்கம் இரண்டும், கொஞ்சம் கழித்து பின்னால் வலதும் வந்தன. பின் இடது மட்டும் கோடாகவே நின்றது.

சில மாதங்களாகவே அந்தச் சக்கரத்தின் எண்தான் தாமதமாக வரும். ஒரு டயர் கடையில் வால்வு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கருவி இருந்தது. மூன்று சென்சார்கள் உடனே பதில் சொன்னன, நான்காவது பேசவே இல்லை. உள்ளே இருக்கும் பேட்டரி பொதுவாக ஐந்திலிருந்து பத்து வருடம் வரும். அதைப் பசை ஊற்றி மூடியிருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற வழியில்லை, முழு சென்சாரையே மாற்ற வேண்டும். ஆக, நான்கு என்றது ஒன்றில் முடிந்தது.

வாங்கும்போது அலைவரிசையைக் கட்டாயம் பாருங்கள். என் காருக்கு 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க கார்கள் பலவற்றுக்கான 315 மெகாஹெர்ட்ஸ் சென்சாரும் ஆன்லைனில் கிடைக்கிறது, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அது இங்கே பேசாது. டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும்போது மெஷினின் அழுத்தும் பகுதி வால்வுக்கு நேராக வந்தால் சென்சார் உடைந்துவிடும். முன்கூட்டியே சொன்னேன், பையன் கவனமாகவே செய்தான். மாட்டியபின் வீல் பேலன்ஸிங், பிறகு புது சென்சாரின் அடையாள எண்ணை காரில் பதிவது. சில கார்கள் ஓட்டும்போது தானே கற்றுக்கொள்ளும். என்னுடையதில் ஸ்டீயரிங் அடியில் உள்ள சாக்கெட்டில் கருவியைச் செருகித்தான் பதிந்தார்கள்.

உங்கள் மீட்டரில் தனித்தனி எண்ணே வராமல் விளக்கு மட்டும் இருந்தால், அநேகமாக ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) மூலம் சக்கர வேகத்தை ஒப்பிடும் வகையாக இருக்கும். அதில் டயருக்குள் மாற்ற சென்சாரே கிடையாது. காற்றைச் சரியாக நிரப்பி, மெனுவில் ரீசெட் கொடுத்து, கொஞ்சம் ஓட்டினால் போதும்.

மற்ற மூன்று சென்சார்களுக்கும் அதே வயதுதான். இப்போதைக்கு அவற்றைத் தொடவில்லை. அடுத்த முறை டயர் மாற்றும்போது எப்படியும் ரிம்மிலிருந்து பிரிப்பார்கள், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.