கொழுப்புக்குள் தேடல்: கிராஸிங் மேசைக் குறிப்புகள்

மார்ச் 3

புற்றுக்காக அறுவையில் வெட்டி எடுத்த வலப்பக்கப் பெருங்குடல், கிராஸிங் மேசைக்கு, அதாவது உறுப்பைக் கண்ணால் பார்த்து ஸ்லைடுக்கான துண்டுகள் எடுக்கும் மேசைக்கு வந்தது. அதன் கொழுப்புக்குள் நிணநீர் முடிச்சுகளைத் தேடி, புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சிறுகுடலின் கடைசித் துண்டு, குடல்வால், சீக்கம் (பெருங்குடலின் தொடக்கப் பை), ஏறுகுடல் எல்லாம் ஒரே துண்டாக. கட்டி சீக்கத்தில். வாளியில் ஃபார்மலின் பாதி உயரத்துக்குத்தான் இருந்தது. திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு 10% ஃபார்மலின் வேண்டும்; அதுவும் குடலைத் திறக்காமல் போட்டுவைத்தால் உள்பக்கம் அழுகத் தொடங்கிவிடும்.

மீசோகோலன் (குடலைத் தாங்கும் கொழுப்பு மடிப்பு) ஒட்டியிருக்கும் ஓரத்துக்கு நேரெதிர்ப் பக்கம் நீளவாக்கில் வெட்டித் திறந்து, கழுவி, அட்டையில் ஊசி குத்தி விரித்து, புது ஃபார்மலினில் வைத்தாயிற்று. கட்டி இருக்கும் இடத்தை மட்டும் வெட்டவில்லை. ஏறுகுடலின் பின்பக்கம் உடற்சுவரோடு ஒட்டியிருந்த பரப்பு; அங்கே முதலிலேயே மை பூசியாயிற்று. கொழுப்பைக் கலைத்த பிறகு எது அறுவை விளிம்பு, எது நாம் வெட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது.

மார்ச் 4

ஊறுகிறது. 24 முதல் 48 மணி நேரம் விடுவது நல்லது. பச்சைக் கொழுப்பு கத்திக்குக் கீழே வழுக்கும். பதமானபின் கொழுப்பு மஞ்சளாய் இறுகும். நிணநீர் முடிச்சு சாம்பல் வெள்ளையாய்ப் பிரிந்து தெரியும்.

காத்திருக்கும் நேரத்தில் 12 என்ற எண்ணைப் பற்றி. 1990இல் சிட்னியில் கூடிய உலக இரைப்பை குடலியல் மாநாட்டின் பணிக்குழு, குறைந்தது 12 முடிச்சாவது பார்க்கவேண்டும் என்றது. அந்த எண் இன்றும் நிற்கிறது. 11இல் ஆபத்து, 12இல் நிம்மதி என்று உடம்பில் எந்தக் கோடும் கிடையாது. ஆனால் ஏழு முடிச்சைப் பார்த்து ‘புற்று இல்லை’ என்பதும், இருபதைப் பார்த்து அதையே சொல்வதும் ஒன்றாகாது. தேடல் குறைந்தால் நோயாளிக்கு இரண்டு வழியிலும் நஷ்டம். முடிச்சில் இருந்த புற்று கண்ணில் படாமல் போனால், மூன்றாம் நிலை நோய் இரண்டாம் நிலையாக எழுதப்பட்டு, கிடைக்கவேண்டிய கீமோ கைநழுவலாம். மறுபக்கம், 12க்குக் குறைவு என்பதே இரண்டாம் நிலையில் ‘கூடுதல் ஆபத்து’ அடையாளம். அதற்காகவே கீமோ பேச்சு எழும். அதில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து சேர்ந்தால் கை கால் மரத்துப்போவது சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

மார்ச் 5

வரிசை முக்கியம். முதலில் கட்டி: 4 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்காக வெட்டி, அடியிலிருக்கும் கொழுப்போடும் மை விளிம்போடும் சேர்த்துத் துண்டுகள் எடுத்தாயிற்று. கொழுப்பை முதலில் உரித்துவிட்டால் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பிறகு சொல்ல முடியாது. அடுத்து, சர்ஜன் ரத்தக்குழாயைக் கட்டிய நூல். அதற்குப் பக்கத்தில் இருப்பது உச்சி முடிச்சு. அதற்குத் தனிக் கேசட் (திசுத் துண்டை வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி).

பிறகுதான் தேடல். கொழுப்பை 3 மில்லிமீட்டர் தகடுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டுவது. கொழுப்பு நசுங்கும். ரத்தக்குழாயின் வெட்டுமுகத்தில் துளை இருக்கும். முடிச்சு நசுங்காது, வழுக்கிக்கொண்டு விலகும், வெட்டினால் முகம் வழவழப்பாக இருக்கும்.

தவறு நேரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: குடல் சுவரை ஒட்டிய கொழுப்பு. கத்திரியால் கொழுப்பை உரிக்கும்போது அரை சென்டிமீட்டர் பட்டை சுவரோடே தங்கிவிடும். சின்ன முடிச்சுகள் நிறைய அங்கேதான். ‘பெரிசாக இருந்தால்தான் புற்று’ என்ற நினைப்பும் கையைக் கெடுக்கும். புற்று ஏறிய முடிச்சுகளில் பாதிக்கு மேல் 5 மில்லிமீட்டருக்கும் சிறியவை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீங்கி நிற்கும் பெரிய முடிச்சு வெறும் அழற்சியாகவும் இருக்கலாம்.

5 மில்லிமீட்டருக்கு உட்பட்டவை முழுசாக, ஒரு கேசட்டில் நாலைந்து. பெரியவற்றை 2 மில்லிமீட்டர் துண்டுகளாக்கி, ஒரு முடிச்சுக்கு ஒரு கேசட். இடம் போதாமல் இரண்டு பெரிய முடிச்சை ஒன்றாகப் போட்டால், ஒன்றுக்கு நீல மை, மற்றதற்குக் கறுப்பு மை. இல்லாவிட்டால் ஸ்லைடில் நாலு துண்டு தெரியும். அது ஒரு முடிச்சா நாலு முடிச்சா என்று ஊகிக்கவேண்டி வரும். எந்தக் கேசட்டில் எத்தனை, முழுசா பிளந்ததா என்று அப்போதே எழுதிவிடுவது. மேசை கணக்கு: 14.

மார்ச் 7

ஸ்லைடுகள் வந்தன. 14இல் முடிச்சு 9 மட்டுமே. மூன்று கொழுப்புத் திரள், இரண்டு தடித்த ரத்தக்குழாய். ஒன்பதிலும் புற்று இல்லை. அறிக்கையில் போகவேண்டியது ஸ்லைடில் எண்ணியது; மேசை கணக்கை அப்படியே எழுதிவிடும் பழக்கம் மோசமானது.

மறுபடி வாளிக்கு. மிச்சத் திசுவைச் சீக்கிரம் எறியக்கூடாது என்பது இதற்காகத்தான். இரண்டாம் தேடலை வேறொருவர் செய்வது மேல். பார்த்த கண் பார்த்த இடத்தையே பார்க்கும். சுவரோரப் பட்டையைச் சுரண்டியதில் நாலு. மீதிக் கொழுப்பை ஒற்றியெடுத்து, கொழுப்பை நீக்கி முடிச்சை வெளுத்துக் காட்டும் கார்னாய் கரைசலில் இரவு முழுதும்: எத்தனால் 60, குளோரோஃபார்ம் 30, அசெட்டிக் அமிலம் 10 பங்கு. காற்றிழுப்பான் அடியில் மட்டுமே, தீ பக்கத்தில் இல்லாமல். கட்டியின் பிளாக்குகள் (ஸ்லைடுக்கான துண்டுகள்) முன்பே எடுத்தாயிற்று. புரதச் சாயச் சோதனைக்குப் போகும் திசு இந்தக் கரைசலைப் பார்க்கக்கூடாது.

மெத்திலீன் நீலம் இன்னும் சுலபம்: 15 முதல் 20 மில்லி நீர்த்த கரைசலைத் தமனிக்குள் ஏற்றினால் முடிச்சுகள் நீலமாகும். ஃபார்மலினில் போடுமுன் செய்திருக்கவேண்டும். இதற்கு இனி வழியில்லை.

மார்ச் 8

காலையில் கொழுப்பில் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளிகள். ஐந்து எடுத்தோம், மிகப் பெரியது 3 மில்லிமீட்டர்.

எண்ணிக்கை குறைந்தால் உடனே சர்ஜனைக் கைகாட்டுவது வழக்கம். வெட்டும் எல்லைக்குப் பங்கு உண்டு: கட்டிக்கு ரத்தம் தரும் தமனியை அடியோடு கட்டி, மீசோகோலன் உறை கிழியாமல் எடுத்தால் முடிச்சு கூடும். 2009இல் எர்லாங்கன் நகரின் ஹோஹன்பெர்கர் குழு விவரித்த முறை அதுதான். ஆனால் வயதானவர்களுக்கு முடிச்சு குறைவாகவே கிடைக்கும். மலக்குடலுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் இன்னும் குறையும். டிஎன்ஏ பிழைதிருத்தம் கெட்ட கட்டிகளில் எதிர்ப்புச் சக்தி கிளம்புவதால் நிறைய கிடைக்கும்.

மார்ச் 10

இரண்டாம் சுற்று ஸ்லைடுகள். அனுப்பிய ஒன்பதில் முடிச்சு 7. எல்லாம் சுத்தம். கொழுப்பில் ஒரு சின்ன உருண்டை மட்டும் நிறுத்திவைத்தது. முடிச்சின் அடையாளம் எதுவும் இல்லாத தனிப் புற்றுத் திட்டு என்றால், முடிச்சில் ஒன்றும் இல்லாவிட்டாலும் என்1சி (முடிச்சு நிலையைக் குறிக்கும் குறியீடு) ஆகிவிடும், அதாவது மூன்றாம் நிலை. ஆழமாக இன்னும் மூன்று வெட்டு போட்டதில் அது உறைந்து இறந்த கொழுப்பு. புற்றுச் செல் இல்லை.

அறிக்கை வரி: உச்சி முடிச்சு 0/1, மற்றவை 0/15, மொத்தம் 0/16. இரண்டாம் தேடலும் கொழுப்பு நீக்கமும் செய்யப்பட்டன. என்0, அதாவது எந்த முடிச்சிலும் புற்று இல்லை.