எழுத்துப் பிழையோடு ஒரு இசைத்தட்டு

பிக் மச் என்ற பள்ளிக் கிரிக்கெற் போட்டியைப் பற்றியும் அதிபரின் பிரம்பைப் பற்றியும் நம் பழைய மாணவர் சங்கத்தின் போன மலர்களில் வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. இரண்டையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு ஆங்கிலப் பாட்டுக் குழுவின் இசைத்தட்டைப் பற்றி எழுதுகிறேன். அது நம் கல்லூரியில் தொடங்கிய கதை என்பதால் மலர்க்குழு மன்னிக்கும் என்று நம்புகிறேன்.

1964 கடைசியிலோ 1965 தொடக்கத்திலோ இருக்கவேண்டும். விடுதியில் இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிடும். என் பக்கத்துக் கட்டில்காரன் ஒரு சின்ன றான்சிஸ்ரர் வைத்திருந்தான். அதைச் சாரத்துக்குள் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்து, ஒரு காதால் அவனும் ஒரு காதால் நானும் இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவையைக் கேட்போம். இரண்டு பேரும் தலையை ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து, வாத்தியாருக்கு ஏதோ சதி செய்கிறோம் என்று மற்றப் பெடியள் நினைத்ததுண்டு. பக்கத்துக் கட்டில் அமைந்ததும் தற்செயல்தான். விடுதியிலும் வகுப்பிலும் பெயர் இடாப்பு வரிசைப்படிதான் இடம். ஆங்கில எழுத்து வரிசையில் அவன் பெயருக்கு அடுத்த பெயர் என்னுடையது.

அன்றிரவு வந்த பாட்டுத்தான் ‘ஷீ இஸ் நொட் தெயர்’. தலையணைக்குள்ளிருந்து ஒரு மின்பியானோ மெதுவாக நடந்து வந்தது. பாடுகிறவன் மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு, அடுத்த அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோலப் பாடினான். முடிவில் அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார்: ஸொம்பீஸ். அப்படியென்றால் என்ன என்று மறுநாள் நூலக அகராதியைப் புரட்டினோம். ‘நடைப்பிணம்’ என்று அவன் தமிழாக்கினான். காலைப் பிரார்த்தனைக்குப் போகும்போது நாங்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்.

அவனைக் கிற்றார்க்காரன் என்றே எழுதுகிறேன். பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். எங்கள் வகுப்புக்காரருக்கு ஆளைத் தெரியும். ஒரு வாரத்துக்குள் அந்தப் பாட்டைக் காதால் கேட்டே பிடித்துவிட்டான். எங்களிடம் இருந்தது ஒரு கிற்றார், ஒரு பிஸ்கற் பேணி மேளம், ஒரு தேயிலைப் பெட்டி. பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் துளை போட்டு, கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை விளக்குமாற்றுத் தடியில் இழுத்துக் கட்டினால் அதுதான் பேஸ் என்கிற அடித்தொனி வாத்தியம். அதை வாசித்தவன் நான். சுருதி என்று ஒன்று அதில் கிடையாது. தடியைச் சாய்த்தால் தாழும், நிமிர்த்தினால் ஏறும். ஓ லெவல் சோதனை நெருங்கியதும் கிற்றாரை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். தேயிலைப் பெட்டியை யாரும் பூட்டவில்லை. அதை ஒரு வாத்தியமாகவே கணக்கெடுக்கவில்லை போலும்.

நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஸொம்பீஸ் குழுவின் ஐந்து பேரும் எங்களைப்போலவே பள்ளிக்கூட இடாப்பால் சேர்ந்தவர்கள் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. லண்டனுக்கு வடக்கே சென்ற் அல்பன்ஸ் என்ற பட்டணம். அங்கே தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்த றொட் ஆர்ஜன்ற் ஒரு குழு தொடங்க ஆசைப்பட்டார். தன் பள்ளியில் இரண்டு பேரைப் பிடித்தார்: கிற்றாருக்குப் போல் அற்கின்சன், மேளத்துக்கு ஹியூ கிரண்டி. பேஸ் வாசிக்கச் சேர்ந்த போல் ஆர்னல்ட் ஊரிலிருந்த இன்னொரு பள்ளிக்காரர். அந்த வகுப்பிலும் இடம் எழுத்து வரிசைப்படிதான். ஆர்னல்டுக்குப் பின்னால் இருந்தவர் கொலின் பிளன்ஸ்ரன். ஏ-க்குப் பிறகு பி. ஆர்னல்ட் திரும்பிப் பார்த்து, உன்னிடம் கிற்றார் இருக்கிறதல்லவா, வருகிறாயா என்று கேட்டார். அவ்வளவுதான்.

1961 ஈஸ்ரர் நேரம், ஒரு மதுக்கடை வாசலில் முதல் சந்திப்பு. பிளன்ஸ்ரன் றகர் விளையாடி மூக்குடைந்து, இரண்டு கண்ணும் கறுத்து வந்து நின்றாராம். இப்படி ஒரு முரடன் எங்களுக்கு எதற்கு என்று மற்றவர்கள் யோசித்திருக்கிறார்கள். அப்போதைய திட்டப்படி பாடவேண்டியவர் ஆர்ஜன்ற், பிளன்ஸ்ரனுக்குக் கிற்றார். ஒத்திகையின் இடைவேளையில் ஆர்ஜன்ற் மூலையில் கிடந்த பியானோவில் உட்கார்ந்து வாசித்ததைப் பிளன்ஸ்ரன் கேட்டார். பிளன்ஸ்ரன் தனக்குள் பாடிக்கொண்டதை ஆர்ஜன்ற் கேட்டார். அன்றே இடம் மாறிவிட்டார்கள். இடாப்பை வரைந்த ஆசிரியருக்கு இதில் எவ்வளவு பங்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. பேஸ்காரர் ஆர்னல்ட் பிறகு விலகிப்போய் மருத்துவரானார். யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கு இந்தக் கதையில் பிடிக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். அவர் இடத்துக்குக் கிறிஸ் வைற் வந்தார்.

வற்பேட் நகர மண்டபத்தில் நடந்த போட்டி ஒன்றில் வென்று, டெக்கா நிறுவனத்தில் ஒலிப்பதிவு வாய்ப்புப் பெற்றார்கள். அதற்காக ஆர்ஜன்ற் எழுதிக் கொண்டுபோன பாட்டுத்தான் நாங்கள் தலையணையில் கேட்டது. விற்பனைப் பட்டியலில் இங்கிலாந்தில் 12-ஆம் இடம், அமெரிக்காவில் 2-ஆம் இடம். அப்போது அவருக்கு வயது 19. ஐந்து பேரும் சேர்ந்து 50 ஓ லெவல் பாடம் சித்தியடைந்த குழு என்று அவர்களை விளம்பரப்படுத்தினார்களாம். நம் கல்லூரி அறிந்திருந்தால் கிற்றாரைப் பூட்டியிருக்காது.

அப்புறம் இறங்குமுகம். ஒன்றிரண்டு பாட்டுக்குப் பிறகு சொந்த நாட்டில் விலைபோகவில்லை. 1967-இல் மனிலாவில் அரனெற்றா அரங்கம் நிரம்பி வழிய வாசித்துவிட்டு, சொற்பச் சம்பளத்தோடு திரும்பினார்கள். பாட்டு எழுதிய ஆர்ஜன்றுக்கும் வைற்றுக்கும் உரிமைப்பணம் வரும். மற்ற மூவருக்கும் மேடையில் கிடைப்பது மட்டுந்தான். அதுவும் குறைந்தது. கலைவதற்கு முன்னர் ஒரு தட்டாவது எங்கள் விருப்பப்படி செய்துவிடுவோம் என்று சீபீஎஸ் நிறுவனத்திடம் ஏறக்குறைய ஆயிரம் பவுண் வாங்கிக்கொண்டு, 1967 ஜூனில் அபே றோட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனார்கள். பீற்றில்ஸ் தங்கள் ‘சார்ஜன்ற் பெப்பர்’ தட்டின் வேலையை அங்கே முடித்துச் சிறிது காலந்தான் ஆகியிருந்தது. அவர்கள் விட்டுவைத்த மெலொற்றன் அங்கே நின்றதாக ஆர்ஜன்ற் சொல்வார். மெலொற்றன் ஒரு விசித்திரமான பெட்டி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு ஒலிநாடா இருக்கும். கட்டையை அழுத்தினால் முன்பே பதிந்துவைத்த வயலினோ புல்லாங்குழலோ எட்டு வினாடி பாடும். அதற்குமேல் பிடித்தால் நாடா தீர்ந்துவிடும். பக்கவாத்தியக்காரரை அமர்த்தப் பணமில்லாத குழுவுக்கு அது போதும். பாட்டுகளை வெளியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், கூடத்து மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பதிந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு நிறுவனம் ஸ்ரீரியோவிலும் வேண்டும் என்றது. காசு தீர்ந்துவிட்டிருந்தது. ஆர்ஜன்றும் வைற்றும் தங்கள் பையிலிருந்து 200 பவுண் போட்டார்கள்.

தட்டின் பெயர் ‘ஒடிசி அண்ட் ஒரக்கிள்’. உறையை வரைந்தவர் அவர்களின் நண்பர் ரெறி குவேர்க். பூவும் கொடியும் வண்ணமுமாக அழகான உறை. ஆனால் ஆங்கிலத்தில் ‘ஒடிசி’ என்ற சொல்லின் மூன்றாம் எழுத்து ‘வை’யாக இருக்கவேண்டும், அவர் ‘ஈ’ போட்டுவிட்டார். கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. வேண்டுமென்றே செய்ததுதான் என்று சொல்லிச் சமாளித்தார்கள். நம் ஆங்கில ஆசிரியரிடம் அந்தச் சமாளிப்பு எடுபட்டிருக்காது.

1968 ஏப்ரலில் தட்டு கடைக்கு வந்தபோது குழுவே இல்லை. முந்திய டிசம்பரிலேயே கலைந்துவிட்டார்கள். பிளன்ஸ்ரன் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இங்கிலாந்தில் தட்டு விற்கவில்லை. அமெரிக்காவில் வெளியிடுவதாகவே இல்லை. லண்டன் வந்துபோன அல் கூப்பர் என்ற இசைஞர், பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு போன தட்டுகளுக்குள் இதைக் கேட்டு, கொலம்பியா நிறுவனத்தின் பெரியவர்களிடம் போய் இதை விடக்கூடாது என்று நின்றார். அதனால் வந்தது. 1969 மார்ச்சில் அதன் கடைசிப் பாட்டு ‘ரைம் ஒப் த சீசன்’ அமெரிக்காவில் 3-ஆம் இடத்துக்கு ஏறியது. மேடைக்குக் கூப்பிட ஆளில்லை. ஆளில்லாத இடத்தில் யாரும் புகலாம்தானே? தாங்கள்தான் ஸொம்பீஸ் என்று அமெரிக்காவில் போலிக் குழுக்கள் கிளம்பின. ரெக்சாஸ்காரர் குழுவில் வாசித்த இரண்டு பேர், பிற்காலத்தில் ‘சீசீ ரொப்’ என்ற பெரிய குழுவின் பேஸ்காரரும் மேளக்காரரும் ஆனார்கள். நடைப்பிணத்துக்கும் நகல் உண்டு என்று அப்போதுதான் உலகம் அறிந்தது.

நான் லண்டன் வந்தது 1972-இல். வற்பேட்டில் ஒரு அறை, பகலில் கணக்கியல் படிப்பு, இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை. 1974-இல் சந்தைக் கடை ஒன்றில் பழைய தட்டுக் கூடைக்குள் அந்தப் பூக்கொடி உறையைப் பார்த்தேன். 25 பென்ஸ். தட்டைப் போட்டுக் கேட்க என்னிடம் பெட்டி கிடையாது. பக்கத்து அறைக்காரரிடம் இருந்தது. அவர் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றார். நல்ல மனிதர். இரண்டு மாதத்தில் வீடு மாறினார், தட்டும் மாறியது. அந்த முதற்பதிப்புத் தட்டுக்கு இன்று கேட்கிற விலையை என் மனைவியிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

மறந்த தட்டு ஒரே நாளில் திரும்பி வரவில்லை. வந்த வழி நீளம். போல் வெல்லர் போன்ற பிந்திய தலைமுறைப் பாடகர்கள் தங்களுக்கு மிகப் பிடித்த தட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சின்ன நிறுவனங்கள் மறுபதிப்புப் போட்டன. 1997-இல் குழு பதிந்தவற்றையெல்லாம் திரட்டி நாலு குறுந்தட்டுப் பெட்டியாக ‘ஸொம்பி ஹெவன்’ வந்தது. நான் வாங்கியது அதைத்தான். அன்றுதான் இந்தத் தட்டை முதலிலிருந்து கடைசிவரை, என் சொந்தப் பெட்டியில், ஒருவரும் கடன் கேட்காமல் கேட்டேன். 2003-இல் ‘றோலிங் ஸ்ரோன்’ சஞ்சிகை எக்காலத்துக்குமான 500 தட்டுகள் என்று பட்டியலிட்டபோது இது 80-ஆவது. 2019-இல் றொக் அன்ட் றோல் புகழ்மண்டபத்திலும் சேர்த்தார்கள். அற்கின்சன் 2004-இலேயே காலமாகிவிட்டார்.

வெளிவந்து 40 வருடம் கழித்து, 2008 மார்ச்சில், மிஞ்சிய நாலு பேரும் லண்டன் ஷெப்பேர்ட்ஸ் புஷ்ஷில் முழுத் தட்டையும் வரிசைப்படி மேடையில் வாசித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக. நான் இரண்டு ரிக்கற் எடுத்தேன். கிற்றார்க்காரன் ரொறன்ரோவிலிருந்து வந்தான்.

அவனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1980-களில் அவன் ஊரில் பதினெட்டு மாதம் உள்ளே இருந்தான். எதற்கென்று பிடித்தவர்களும் சொல்லவில்லை, விட்டவர்களும் சொல்லவில்லை. அந்தப் பதினெட்டு மாதத்தில் நான் இங்கிருந்து அவனுக்கு அனுப்பியது ஒரு கிறிஸ்மஸ் கார்ட். உள்ளே என்ன எழுதினேன் என்பது நினைவிலில்லை. கையெழுத்து மட்டும் போட்டிருப்பேன்.

தட்டின் முதற்பாட்டு ‘கெயர் ஒப் செல் 44’. துள்ளிக்கொண்டு போகும் பியானோ, மேலே மேலே அடுக்கும் குரல்கள், கல்யாண வீட்டுச் சந்தோசம். சொற்களைக் கவனித்தால்தான் தெரியும், அது சிறையில் இருக்கும் காதலிக்கு எழுதும் கடிதம். சீக்கிரம் வந்துவிடுவாய், அறை தயாராக இருக்கிறது என்கிற மாதிரி. எனக்குத் தெரிந்த பாட்டுத்தான். ஆனால் அன்று பிளன்ஸ்ரன் அறுபதைத் தாண்டிய அதே மூச்சுக்குரலில் அதைப் பாடியபோதுதான், பக்கத்தில் யார் இருக்கிறான் என்பது எனக்கு உறைத்தது.

அவன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்து சனம் எழுந்து கைதட்டியது. நாங்கள் எழும்பவில்லை, இரண்டு பேருக்கும் முழங்கால் வருத்தம். அவன் பழையபடி தலையை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

“இவ்வளவு சந்தோசமா எனக்கு ஒருத்தரும் கடிதம் எழுதேல்லை, மச்சான்” என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் மேடையைப் பார்த்தேன். ஆர்ஜன்ற் அடுத்த பாட்டின் பியானோவைத் தொடங்கிவிட்டார்.