அப்பாவுக்கு நோயில்பூசுதல் கொடுத்த இரவு

நோயாளிக்குக் கத்தோலிக்கக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்குதான் நோயில்பூசுதல். எங்கள் கடற்கரை ஊரில் பெரியவர்கள் அதை இன்றும், சாகும் நேரத்துப் பூசுதல் என்ற பொருளில், அவஸ்தைப்பூசுதல் என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயரில் ஒட்டியிருந்த பயம்தான் எங்களைத் தாமதிக்கச் செய்தது. இந்த அருளடையாளம் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று கத்தோலிக்க ஆயர்களின் மாமன்றமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே கூறியதையும், திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் அதன் சடங்குமுறையைத் திருத்தியதையும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்படியிருந்தும், மதுரையில் ஒரு மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்தபோது, குருவை அழைக்கலாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவரே கேட்டார். இரண்டாம் நாள் காலையில் கஞ்சி குடித்து முடித்ததும், "சாமியாருக்குச் சொல்லியாச்சா?" என்றார். "அதுக்கெல்லாம் இப்ப என்ன அவசரம், பேசாம படுங்க அண்ணே" என்று அத்தை தடுத்துவிட்டார். நானும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் இரவு மூச்சு தடுமாறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்குச் செயற்கைச் சுவாசம் வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பங்குத்தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். தாம் வந்துசேரப் பல மணி நேரம் ஆகும் என்பதால் தமக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும், எந்தக் குருவும் இதைக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். அங்கிருந்த செவிலியர் ஒருவர் பக்கத்துப் பங்குக் கோயிலின் எண்ணைத் தந்தார். முன்பின் அறியாத அந்தக் குரு ஒரு மணி நேரத்துக்குள் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். பணியிலிருந்த மருத்துவர் பத்து நிமிடம் அனுமதித்தார். குடும்பத்தில் ஒருவர் மட்டும் உடன் நிற்கலாம், ஆக்சிஜன் ஓடும் இடமாதலால் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது என்றார்.

குரு கைகளைக் கழுவி, மேலங்கி அணிந்து, விவிலியத்தில் யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து சில வரிகளை வாசித்தபின், அப்பாவின் தலைமீது கைகளை வைத்து ஒன்றும் பேசாமல் நின்றார். சுவாசக் கருவியின் ஓசை மட்டும் கேட்டது. அவர் கொண்டுவந்த சிறு உலோகச் சிமிழில், புனித வாரத்தையொட்டி ஆயர் மந்திரித்த ஒலிவ எண்ணெயில் நனைந்த பஞ்சு இருந்தது. நெற்றியில் பூசிவிட்டு வலக்கையை எடுத்தார். புறங்கை முழுவதும் ஊசியும் பிளாஸ்திரியுமாக இருந்ததால் அதை மெதுவாகத் திருப்பி உள்ளங்கையில் சிலுவை அடையாளம் இட்டார். நாற்பது ஆண்டுகள் கடலில் தூண்டில் போட்டதில் தங்கூஸ் என்னும் தூண்டில் இழை அறுத்த தழும்புகள் அந்தக் கையில் உண்டு. அந்தக் கோடுகளில் எண்ணெய் இறங்கி மின்னியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாயில் குழாய் இருந்ததால் அப்பாவால் குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியவில்லை. அவர் காதருகே குனிந்து, பாவங்களுக்காக வருந்தும் மனஸ்தாபச் செபத்தைச் சொல்லிப் பாவமன்னிப்பு அளித்தார் குரு. விழுங்க இயலாதவருக்கு நற்கருணை அப்பம் தர வழியில்லை. இறப்பை நெருங்குபவருக்குத் தரும் அந்த நற்கருணைக்கு வழியுணவு என்று பெயர். கட்டுச்சோறு இல்லாமல் ஒரு நாளும் கட்டுமரம் ஏறாத மனிதர், அது இல்லாமலேயே இரண்டு நாளில் புறப்பட்டுவிட்டார். கேட்ட அன்றே அழைத்திருந்தால் தம் வாயால் பேசி, தம் நாவால் வாங்கியிருப்பார். இந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபோது, ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே பங்குத்தந்தையை வீட்டுக்கு அழைத்தோம். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் அறையுண்ட இயேசுவின் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுவர்த்திகளும் வைத்தோம். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்தார். பிறகு நாங்கள் அனைவரும் சூழ்ந்து நிற்க, நாற்காலியில் அமர்ந்தபடியே பூசுதலும் நற்கருணையும் பெற்றார். குணமாகி வந்தவர் மீண்டும் கடுமையாக நோயுற்றால் மறுபடியும் இதைப் பெறலாம் என்று குரு விளக்கினார். அவர் போனதும் அம்மா அந்தத் துணியை நான்காக மடித்துப் பெட்டியின் மேலடுக்கில் வைத்தார். "கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும்" என்றார்.