உரிந்த தோலைத் தைத்தால் மட்டும் ஒட்டாது

பஸ், லாரிச் சக்கரம் காலில் ஏறி இறங்கும்போது, தோல் கிழிந்து உரிந்தோ, சில சமயம் மேலே கிழியாமலேயோ, அடியில் சதையைவிட்டுப் பிரிந்துவிடுவது உண்டு. டீகிளவிங் என்பார்கள். இழுத்துத் தைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று வீட்டார் நினைப்பது இயல்பு. ஆனால் சதையிலிருந்து தோலுக்கு வரும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அறுந்திருக்கும். முதல் நாள் நன்றாகத் தெரிந்த தோல் அடுத்த சில நாளில் கறுத்துப்போகும். அடியில் தேங்கிய ரத்தத்தில் சீழ் பிடிக்கும். அதனால்தான் ஓரத்தை வெட்டி, சிவப்பாக ரத்தம் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். "இவ்வளவு தோலை வெட்டிவிட்டார்களே" என்று பதற வேண்டாம்.

தனியாகப் பிய்ந்த தோல் இருந்தால் எறியாதீர்கள். ஈரத் துணியில் சுற்றி, பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்தண்ணீரில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. கொழுப்பைச் சீவிவிட்டு அதையே காயத்தின்மேல் ஒட்டுத்தோலாக வைக்க வாய்ப்புண்டு. காயத்தில் காப்பித்தூள், மஞ்சள் எதுவும் போடாதீர்கள்.

செத்த சதையை ஒரே தடவையில் முழுக்க எடுத்துவிட முடியாது; 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். நடுவில் பெரும்பாலும் வாக் (VAC) கட்டு போடுவார்கள்; காயத்தை மூடி, கசியும் நீரை 125 மில்லிமீட்டர் பாதரச அழுத்த அளவில் மெஷினால் உறிஞ்சும் கட்டு அது. மேலுறை இழந்த வெற்று எலும்பில் ஒட்டுத்தோல் பிடிக்காது. அங்கே ரத்த ஓட்டத்தோடு சதையைக் கொண்டுவந்து மூட வேண்டும்.

மற்ற இடத்தில் தொடையிலிருந்து சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிப்பில் தோல் சீவி ஒட்டுவார்கள். முதல் இரண்டு நாள் அது அடியில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. ரத்த ஓட்டம் உறுதிப்பட 5 முதல் 7 நாள் ஆகும். இந்த நாட்களில் கால் அசைந்தால், ஒட்டு நழுவி முளைக்கும் குழாய்கள் அறுந்துவிடும். அடியில் ரத்தம் கட்டினாலும் அப்படியே எழும்பி வரும். மாவுக்கட்டும் தலையணை உயரமும் அதற்காகவே. பீடி, சிகரெட் அறவே கூடாது. முட்டை, மீன், பருப்பு தாராளமாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் கேட்டுக் கொடுங்கள்.

தோல் எடுத்த தொடைதான் ஒட்டிய இடத்தைவிட அதிகமாக எரியும். கட்டைப் பிடித்து இழுக்காதீர்கள்; 10–14 நாளில் ஆறித் தானாகக் கழன்று வரும். நாற்றமோ காய்ச்சலோ வந்தால் உடனே காட்டுங்கள்.

ஒட்டிய தோலில் எண்ணெய் சுரக்காது. ஆறிய பிறகு தினமும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், வெயில் படாமல் மூடுங்கள். நடக்க அனுமதித்ததும் கட்டுத் துணி சுற்றாமல் காலைத் தொங்கவிடாதீர்கள். ரத்தம் தேங்கிக் கொப்புளம் எழும்.