மாவாட்டும் நாள்

ஜூலை 6, 2025, ஞாயிறு

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாரமாக நேரம் குறித்து வந்தேன். மாலை 6 மணிக்கு வீட்டுக்குள் கால் வைக்கிறேன். 9 மணிக்குப் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். இடையில் இருக்கும் 3 மணி நேரத்தில், கையில் கரண்டியோ துணியோ இல்லாமல் அவர்களோடு உட்கார்ந்தது வெள்ளிக்கிழமை மட்டும், 20 நிமிடம். அதுவும் கரண்ட் போனதால்.

சமையல்தான் நேரத்தைத் தின்கிறது என்று நினைத்திருந்தேன். இல்லை, துணி. ஐந்து பேர் துணியை எடுத்து, மடித்து, அலமாரியில் அடுக்கத் தினமும் 35 நிமிடம். அடுத்தது மாவு. வாரத்துக்கு இரண்டு தடவை. குழவியைத் தூக்கிக் கழுவிக் கவிழ்த்து முடிக்க ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம்.

அவரிடம் நோட்டைக் காட்டினேன். "ராத்திரிப் பாத்திரம் இனி என் பொறுப்பு" என்றார். சாட்சிக்கு இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆளுக்கொரு பிளாஸ்டிக் கூடை வாங்கிவிட்டேன். வீட்டில் போடும் துணியை இனி யாரும் மடிக்கப் போவதில்லை; கொடியிலிருந்து நேரே கூடைக்கு. யூனிஃபார்ம், என் சேலை, அவர் சட்டை மட்டும் தெருமுனை இஸ்திரி வண்டிக்கு.

"ஏம்மிணி, ஒறம்பரை வந்தா என்ன நெனப்பாங்க?" என்றார் அத்தை.

"கூடையக் கட்டிலுக்கடியில தள்ளிக்கலாங்க அத்தை."

இந்தக் கோவைத் தூறலில் துணி காய்ந்தால்தானே மடிப்பதற்கு.

ஜூலை 10, வியாழன்

காலை நேரத்துக்கு ஒரு வழி கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. பெரியவள் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு வருடம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம் அங்கேயும் உண்டு. இருந்தும் வீட்டில் ஒரு தோசையை அவள் வாயில் திணித்துத்தான் அனுப்புவேன். 'பெத்தவளால ஒரு தோசை ஊத்தித் தர முடியலையா' என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே. இதுவரை யாரும் கேட்டதில்லை. பாதித் தோசையோடு போய் அங்கேயும் அரைகுறையாகச் சாப்பிட்டிருக்கிறாள்.

இன்று பால் மட்டும். மிச்சமான நேரத்தில் நிதானமாகத் தலை பின்னினேன். புதன்கிழமைப் பொங்கல் நம் வீட்டுப் பொங்கலைவிட நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னது அந்தப் பின்னலின் நடுவில்தான். சரி, கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மாவாட்டவில்லை. கடையில் பாக்கெட் மாவு.

அத்தைக்குத் தாங்கவில்லை. "ஊருக்கெல்லாம் கிரைண்டர் செஞ்சு அனுப்பற ஊர்ல இருந்துட்டு, பாக்கெட் மாவா?" அவர் சொல்வதும் சரிதான், கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு.

கிடைத்த ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பல்லாங்குழி எடுத்தேன். சின்னவனுக்கு மூன்று வயது, புளியங்கொட்டையை வாயில் போடப் பார்த்தான். அவனைப் பிடிப்பதிலேயே பாதி நேரம் போயிற்று. பெரியவள் பத்து நிமிடம் ஆடினாள். அப்புறம், "இன்னிக்கு மாவாட்டலயாம்மா?" என்றாள்.

இல்லை என்றேன். எழுந்து போய், மூடி வைத்த கிரைண்டர் பக்கத்தில் அவளுடைய முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அந்த முக்காலியை இடைஞ்சல் என்று எத்தனை முறை நகர்த்தியிருப்பேன். கல் சுற்றும்போது அவள் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாள், நான் "ம்" கொட்டுவேன். நோட்டில் அந்த நேரத்தை முழுக்க 'மாவு' என்றே எழுதியிருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

பாக்கெட் மாவு இட்லி பரவாயில்லை. அத்தை மட்டும் இரண்டோடு எழுந்துவிட்டார். பாத்திரக் கணக்கு: ஒன்பது ராத்திரியில் ஏழு நாள் என் வீட்டுக்காரர் கழுவியிருக்கிறார். இரண்டு நாள் டிவி முன்னால் தூக்கம்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

வீடு கழுவல், பாயசம், கோவில். இன்று எதையும் குறைக்க முடியாது. கேட்டுப் பார்க்கும் தைரியமும் இல்லை. கூடைகள் கட்டிலுக்கடியில்.

ஜூலை 20, ஞாயிறு

மாவு திரும்பி வந்துவிட்டது, ஆனால் வாரத்துக்கு ஒருமுறைதான். நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, புளித்த பிறகு பணியாரம். அதற்குமேல் உப்புமா. அத்தையும் ஒத்துக்கொண்டார், பாக்கெட் மாவுக்கு இது தேவலை என்று.

உளுந்துக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையைப் பெரியவளுக்குக் கொடுத்தேன். ஓடும் கல்லுக்குள் கை போகக் கூடாது என்பதால் நீளக் கரண்டி. அரைபட்டதும் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு மாவு விட்டுப் பார்த்தோம். மிதந்தது. அதன்பின் சின்னவன் கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டான்.

எல்லாம் கழுவி முடிக்க 1 மணி 40 நிமிடம். நோட்டில் 'மாவு' என்பதற்கு நேராக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நாளைய இட்லி எப்படி வருமோ. கரண்டித் தண்ணீர் பாதிக்கு மேல் தரையில்தான் விழுந்தது.