மழைநீருக்கு நிதி, மழைநீர் நிற்கும் நிலத்துக்கு விதி

சென்னையின் வெள்ளத் தணிப்புப் பணிகளுக்குப் பணம் இல்லை என்று இனி யாரும் சொல்லிவிட முடியாது. பதினைந்தாவது நிதிக்குழு நகர்ப்புற வெள்ளத்தைச் சமாளிக்க ஏழு பெருநகரங்களுக்கென 2,500 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தபோது, மும்பை, கொல்கத்தாவைப் போலவே சென்னைக்கும் 500 கோடி ஒதுக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்த சில நாள்களிலேயே, 561.29 கோடி மதிப்பிலான சென்னை வடிநிலத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. வடக்கே கொசஸ்தலையாறு வடிநிலத்தின், அதாவது அந்த ஆற்றுக்கு நீர் வடியும் பரப்பின், மழைநீர் வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் 251 மில்லியன் டாலர் கடனும், தெற்கே கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மானிய வளர்ச்சி வங்கியின் கடனும் வந்துள்ளன. என் கவலை தொகையைப் பற்றியதன்று. இந்தப் பணம் எந்த நிலத்தில் இறங்குகிறதோ, அந்த நிலத்துக்கு எழுதப்பட்டிருக்கும் பயன்பாட்டு விதியைப் பணம் தருகிறவர்களும் செலவழிக்கிறவர்களும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பதாகத் தெரியவில்லை.

இதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சென்னைப் பெருநகரின் நிலப் பயன்பாட்டை வகுத்து 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரமாகக் கிடக்கும் மணற்பாங்கான நிலத்தை நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி என்று தனியாகக் குறித்து, அங்கே கட்டடம் மனையை மூடும் அளவுக்கும் தளப்பரப்புக்கும் மற்ற இடங்களை விடக் கடுமையான வரம்புகளை வகுத்தது. காரணம் எளிது. அது கடல் மணல். பெய்கிற மழை பெய்த இடத்திலேயே இறங்கிவிடும். உப்புநீருக்கு இவ்வளவு அருகில் இருந்தும் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரைப் பக்கத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைத்துவந்ததற்கு அந்த மணலே காரணம். இறங்கும் நன்னீர் குறைந்தால் கடல்நீர் உள்ளே வரும் என்பது அங்கே வீடு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

அதே மணலில்தான் கோவளம் வடிநிலத் திட்டத்தின் ஒரு பகுதியாகக் கான்கிரீட் வடிகால்கள் திட்டமிடப்பட்டன. தண்ணீரே தேங்காத தெருக்களில் வடிகால் எதற்கு என்று குடியிருப்போர் கேட்டார்கள். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. ஓர் அரசு ஆவணம் நீரை நிலத்துக்குள் இறக்கு என்கிறது. இன்னொரு அரசு ஆவணம் அதே நீரைக் கடலுக்குக் கொண்டுபோக மதிப்பீடு தயாரிக்கிறது. இரண்டும் தனித்தனியே சட்டப்படி சரியானவை என்பதுதான் விந்தை. நிதி, வடிநிலம் என்ற கணக்கில் கேட்கப்படுகிறது. விதி, சர்வே எண் என்ற கணக்கில் எழுதப்படுகிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு எந்த அலுவலருக்கும் தரப்படவில்லை.

தாழ்வான பகுதிகளில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே பெரிய கட்டடத்துக்குத் திட்ட அனுமதி கேட்டால், நீர்வளத் துறையிடமிருந்து வெள்ளப் பாதிப்பு குறித்த தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றில் மனையை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அந்த ஒரு மனைக்கு அது நல்ல நிபந்தனையே. ஆனால் கிராவல் லாரிகள் வந்து கொட்டி முடித்ததும், அங்கே நின்றிருந்த தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகிறது. அடுத்த ஆண்டு அந்த மனையும் உயர்கிறது. சாலையும் ஒவ்வொரு முறை தார் போடும்போது ஓர் அடுக்கு ஏறுகிறது. கடைசியில் எண்பதுகளில் கட்டிய வீடு மட்டும் பள்ளத்தில் நிற்கிறது. ஐப்பசி பிறப்பதற்கு முன் வாசல் கேட்டுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசி, தை மாதத்தில் அதை இடித்துவிடும் குடும்பங்களை நான் அறிவேன். அந்தச் செங்கல்லும் சிமெண்டும் எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவாகக் காட்டப்படாதவை. மனைக்கு மனை சான்று தரும் முறையை விட்டு, ஒரு தெருவில் மொத்தம் எவ்வளவு நீர் நிற்க இடம் வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்குள் அனுமதி வழங்குவதே முறையாக இருக்கும்.

பள்ளிக்கரணை பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற 1,248 ஹெக்டேர் சதுப்பு நிலத்தின் செல்வாக்கு மண்டலம், அதாவது அதைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்புறம், எதுவரை என்று வரையறுக்கப்படாமலேயே ஆண்டுகள் கழிந்தன. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், அதை வரையறுக்கும் வரை ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய கட்டுமான அனுமதி கூடாது என்றது. வீட்டுக் கடன் வாங்கி மனை பிடித்தவர்களின் கோபம் நியாயமானது. எல்லைக் கோட்டை முன்பே போட்டிருந்தால் அவர்கள் அந்த மனையை வாங்கியிருக்கவே மாட்டார்கள்.

சிறிய அளவில், தெருவோடு நிற்கும் பணிகளுக்கு நிதி உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நமக்கு நாமே திட்டம். பொதுமக்கள் மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு தரும். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் இதன் கீழ் ஒரு பழைய குட்டையைத் தூர்வாரிக் கரை கட்ட முயன்றது. பங்குத் தொகை எதிர்பார்த்ததைவிட எளிதாகச் சேர்ந்தது. சிக்கல் நிலத்தின் பெயரில் இருந்தது. ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று குறிக்கும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் அந்த இடம் குட்டைப் புறம்போக்கு. நிலப் பயன்பாட்டு வரைபடத்திலோ சுற்றிலும் உள்ள மனைகளோடு சேர்த்துக் குடியிருப்பு வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. உள்ளாட்சி அமைப்பின் பெயரில் இல்லாத நிலத்தில் எப்படிச் செலவு செய்வது என்று பொறியாளர் கேட்டார். அவர் கேள்வியில் தவறில்லை. நில மாற்றத்துக்கான கோப்பு இப்போது இரண்டு அலுவலகங்களுக்கு இடையே பயணத்தில் இருக்கிறது.

திறந்தவெளி ஒதுக்கீட்டு விதியிலும் இதே இடைவெளி உண்டு. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து விழுக்காட்டு நிலத்தைப் பொதுத் திறந்தவெளிக்குத் தானமாகக் கொடுத்தே ஆக வேண்டும். மூவாயிரம் முதல் பத்தாயிரம் சதுர மீட்டர் வரையிலான மனையில், நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். பணம் கணக்கில் வரவாகும். மழை இறங்கியிருக்க வேண்டிய மண் அந்தத் தெருவில் இல்லாமல் போகும். வெள்ளம் தேங்கும் வார்டுகளிலாவது இந்தப் பண மாற்று வழியை மூடிவிட்டு, பெறப்படும் நிலத்தை மாநகராட்சி மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு பூங்காவாக அமைக்க வேண்டும். பூங்கா என்றதும் நடைபாதைக் கல்லும் நீரூற்றும் வைத்து மண்ணை மூடிவிடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும்.

2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிவருகிறது. வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை தெரிவிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. எங்கள் சங்கத்தில், கிராம வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு குட்டை, வாய்க்கால், தாங்கல் எனும் சிற்றேரி ஆகியவற்றின் சர்வே எண்ணையும் அது நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் பெற்றிருக்கும் வண்ணத்தையும் இரு பத்திகளாக எழுதிவருகிறோம். வரைவு வந்ததும் இந்தப் பட்டியலோடு மூன்று கோரிக்கைகளை அனுப்புவோம்: நீர்நிலைகளுக்கு அவற்றின் உண்மையான வகைப்பாடு, மண் வகையைப் பார்த்து வடிகாலா செறிவூட்டலா என்று முடிவெடுக்கும் விதி, அந்த விதிக்கு முரணான பணிக்கு நிதி ஒப்புதல் இல்லை என்ற ஒரு வரி. மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். மற்ற பகுதிச் சங்கங்கள் தங்கள் ‘அ’ பதிவேட்டுப் படிகளை இப்போதே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எங்களுக்கு அது வந்து சேரவே நெடுநாள் ஆயிற்று.